மின்சாரம் முற்றிலும் நின்றுபோனால் உலை எத்தனை மணி நேரம் தாங்கும்? அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கு வெளியிலிருந்து வரும் மின்சாரமும், நிலையத்துக்குள்ளேயே இருக்கும் டீசல் ஜெனரேட்டர்களும் ஒரே நேரத்தில் கைவிட்டுவிட்டால், உலைகளின் வெப்பம் எந்த வழியில், எத்தனை மணி நேரத்துக்கு, யார் கையால் வெளியேற்றப்படும் என்பதை மணிக்கணக்கோடு தமிழில் எழுதி வெளியிடுமாறு கேட்டுக்கொள்ளவே இந்த மடலை எழுதுகிறேன். நான் ராதாபுரம் வட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இயற்பியல் கற்பித்து ஓய்வுபெற்றவன். அணுமின்சாரம் நமக்கு வேண்டுமா, வேண்டாமா என்ற வழக்கை நான் இங்கே எடுக்கவில்லை. அதற்கு வேறு மேடைகள் உண்டு. 2011, 2012 ஆண்டுகளில் எங்கள் பகுதியில் கைமாறிய துண்டறிக்கைகளில் நான் படித்தவற்றில் ஒரு சாரார் எதுவுமே நேராது என்றார்கள், மறுசாரார் எல்லாமே அழியும் என்றார்கள். இரு தரப்புத் தாள்களிலும் கடிகாரம் மட்டும் இல்லை. மின்சாரம் போன முதல் மணியில் என்ன நடக்கும், எட்டாவது மணியில் என்ன, மூன்றாம் நாளில் என்ன என்று கேட்கத் தொடங்கினால்தான் இந்தப் பொருளில் பேசுவதற்கே ஏதேனும் இருக்கும்.

உலையை நிறுத்துவது கடினமான வேலை அன்று. கட்டுப்பாட்டுத் தண்டுகளை மின்காந்தங்கள் மேலே பிடித்துக்கொண்டிருப்பதால், மின்சாரம் போனவுடன் அவை தம் எடையாலேயே உள்ளே விழுந்து சில நொடிகளில் பிளவு வினையை நிறுத்திவிடுகின்றன. நிற்காதது எச்ச வெப்பம். ஏற்கெனவே நடந்த பிளவுகளில் பிறந்த அயோடின், சீசியம் முதலான தனிமங்கள் தொடர்ந்து சிதைந்துகொண்டே இருப்பதால் எரிபொருள் தண்டுகள் தாமாகவே சூடேறிக்கொண்டிருக்கும். கூடங்குளத்தின் ஓர் உலை 1,000 மெகாவாட் மின்சாரம் தருவதற்காக 3,000 மெகாவாட் வெப்பத்தை உண்டாக்குகிறது. நிறுத்திய நொடியில் அதில் 6 முதல் 7 விழுக்காடு, அதாவது ஏறக்குறைய 200 மெகாவாட், எஞ்சி நிற்கும். ஒரு மணி நேரத்தில் அது ஒன்று, ஒன்றரை விழுக்காட்டுக்கு இறங்கும். ஒரு நாள் கழிந்தால் அரை விழுக்காடு, அதாவது 15 மெகாவாட் அளவு. ஒரு வாரம் கழிந்தாலும் கால் விழுக்காடு இருக்கும். விறகை இழுத்த அடுப்பின் தணலோடு இதை ஒப்பிடுவது வழக்கம். ஆனால் தணலில் தண்ணீர் தெளித்தால் அது அணையும், இந்த வெப்பத்தைத் தண்ணீர் அணைப்பதில்லை, சுமந்துகொண்டு போக மட்டுமே செய்கிறது. சுமப்பதற்குத் தண்ணீர் தீர்ந்தால் தண்டுகள் வெளியே தெரியத் தொடங்கும். வெப்பம் 1,200 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது அவற்றின் சிர்கோனியம் உறை நீராவியோடு வினைபுரிந்து, இருக்கும் வெப்பத்தோடு தன் வெப்பத்தையும் சேர்த்து, ஹைட்ரஜனையும் கக்கும்.

இந்த வெப்பத்தை வெளியேற்ற வழக்கமான வழி பம்புகள். பம்புகளுக்கு முதலில் மின் தொகுப்பிலிருந்து மின்சாரம் வரும். அது போனால் கூடங்குளத்தில் ஓர் உலைக்கு நான்கு என்ற கணக்கில் உள்ள டீசல் ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கும். அவற்றில் ஒன்று ஓடினாலும் போதும் என்பது வடிவமைப்பு. அவையும் ஓடவில்லையென்றால் எஞ்சுவது பேட்டரிகள். அவற்றால் பெரிய பம்புகளை ஓட்ட முடியாது, அளவுக் கருவிகளுக்கும் சில வால்வுகளுக்கும் விளக்குகளுக்கும் மட்டுமே அவை ஈடுகொடுக்கும். தொகுப்பும் டீசலும் ஒருசேரப் போன நிலையைத்தான் முழு மின்னிழப்பு என்கிறோம். தனித்தனியாக நிற்கும் இத்தனை ஏற்பாடுகள் ஒரே நேரத்தில் எப்படிப் போகும் என்று கேட்பவர்களுக்கு, நம் நாட்டிலேயே ஒரு விடை இருக்கிறது. வாரியம் 1983இல் அமைக்கப்பட்டுப் பத்தாண்டு நிறைவதற்குள்ளேயே அது நடந்தது.

1993 மார்ச் 31 அன்று அதிகாலை மூன்றரை மணியளவில், உத்தரப் பிரதேசத்தில் கங்கைக் கரையில் உள்ள நரோரா அணுமின் நிலையத்தின் முதல் அலகில், நீராவிச் சுழலியின் இரண்டு இறக்கைத் தகடுகள் உலோகச் சோர்வினால் முறிந்தன. சுழலி நிலைகுலைந்து அதிர்ந்ததில் ஜெனரேட்டரைக் குளிர்விக்கும் ஹைட்ரஜன் கசிந்து தீப்பற்றியது. மசகு எண்ணெயும் அதனோடு சேர்ந்து எரிந்தது. இதுவரை நடந்தது எந்த மின்நிலையத்திலும் நடக்கக்கூடிய விபத்துதான். உலையைப் பணியாளர்கள் உடனே நிறுத்திவிட்டார்கள். ஆனால் தீ, கேபிள் தட்டுகளின் வழியே ஓடியது. வரைபடத்தில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவையாக இருந்த மின்வழிகளின் கேபிள்கள், தரையில் போதிய தீத்தடுப்பு இல்லாமல் அருகருகே கிடந்ததால், எல்லாம் சேர்ந்தே எரிந்தன. ஜெனரேட்டர்களும் பேட்டரிகளும் இருந்தும் அவற்றின் மின்சாரம் போய்ச் சேர வழி இல்லை. சில நிமிடங்களுக்குள் முதல் அலகு முழு இருளில் மூழ்கியது. கட்டுப்பாட்டு அறைக்குள் புகை நிறைந்ததால் பணியாளர்கள் அதைவிட்டு வெளியேற நேர்ந்தது. அந்த நிலை ஏறக்குறைய 17 மணி நேரம் நீடித்தது.

அந்த 17 மணி நேரம் உலையைக் காப்பாற்றியவை இரண்டு. ஒன்று இயற்கை. உலையின் வெப்பத்தை வாங்கி நீராவி உண்டாக்கும் கலன்களான நீராவி ஆக்கிகள் உலையின் மையத்தைவிட உயரத்தில் அமைந்திருந்ததால், சூடான நீர் எடை குறைந்து தானே மேலே ஏறி, அங்கே வெப்பத்தை இறக்கிவிட்டு, குளிர்ந்து எடை கூடித் தானே கீழே இறங்கியது. எந்தப் பம்பும் இல்லாமல் சுழற்சி நடந்தது. ஆனால் நீராவி ஆக்கியின் மறுபக்கத்தில் உள்ள நீர் கொதித்து ஆவியாகிக் குறைந்துகொண்டே இருக்கும், அதை நிரப்ப வேண்டும். அங்கேதான் இரண்டாவது வந்தது: மின்சாரம் தேவைப்படாத, டீசல் எஞ்சினால் நேரடியாக ஓடும் தீயணைப்புப் பம்புகள். தீயை அணைப்பதற்கென்று வாங்கி வைத்திருந்த பம்பின் நீரைப் பணியாளர்கள் நீராவி ஆக்கிகளுக்குத் திருப்பிவிட்டார்கள். உலை ஆறும்போது மீண்டும் பிளவு வினை தலைதூக்கக்கூடும் என்பதால், சிலர் கைவிளக்கோடு இருட்டில் உலைக் கட்டடத்தின் மேல்தளத்துக்கு ஏறி, வால்வுகளைக் கையால் திறந்து பிளவு வினையை அடக்கும் போரான் கரைசலை அதன் எடையாலேயே உள்ளே இறங்கச் செய்தார்கள். கதிரியக்கம் வெளியேறவில்லை. அணு நிகழ்வுகளுக்கான சர்வதேச அளவுகோலில் இது மூன்றாம் நிலை நிகழ்வாகப் பதிவாகியிருக்கிறது. அந்த இரவில் பணியிலிருந்தவர்களின் பெயர்கள் நம் பாடநூல்களில் இல்லை என்பது எனக்கு எப்போதும் வருத்தம் தரும் செய்தி.

நரோராவை இவ்வளவு விரித்து எழுதக் காரணம் உண்டு. அங்கே கை கொடுத்த இரண்டில் ஒன்று இயற்பியல் விதி, அதற்குப் பயிற்சி தேவையில்லை. மற்றொன்று மனிதர்கள், அவர்களுக்கு எந்த வால்வு எங்கே இருக்கிறது என்பது இருட்டிலும் தெரிந்திருந்தது. மின்சாரம் இல்லாத குளிர்விப்பு என்று சொல்லப்படும் எதுவும் இந்த இரண்டும் கலந்ததாகவே இருக்கும். எந்த இடத்தில் விதி முடிந்து கை தொடங்குகிறது என்பதைத்தான் வாரியம் எங்களுக்குச் சொல்ல வேண்டும்.

அந்த எல்லைக்கோடு மங்கிப்போனால் என்ன ஆகும் என்பதை ஃபுகுஷிமா டாய்ச்சி நிலையத்தின் முதல் உலை காட்டியது. மின்சாரம் இல்லாமலே குளிர்விக்கும் அமைப்பு அங்கேயும் இருந்தது என்பதைப் பலர் அறிவதில்லை. 1971இல் வணிக மின்னுற்பத்தியைத் தொடங்கிய அந்த உலையில், உலையின் நீராவி மேலே உள்ள நீர்த்தொட்டியின் குழாய்களுக்குள் ஏறிக் குளிர்ந்து நீராகி, தன் எடையாலேயே உலைக்குத் திரும்பும் ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. 2011 மார்ச் 11 அன்று பிற்பகல் 2.46க்கு நிலநடுக்கம் வெளி மின்சாரத்தைத் துண்டித்தது, டீசல் ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கின, குளிர்விப்பும் தொடங்கியது. உலை வெகு விரைவாகக் குளிர்வதால் கலனுக்குப் பழுது வரக்கூடாதென்று, கையேட்டில் சொன்னபடியே பணியாளர்கள் அந்த அமைப்பை நிறுத்தியும் தொடங்கியும் இயக்கிவந்தார்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஏறக்குறைய 14, 15 மீட்டர் உயர அலை வந்து ஜெனரேட்டர்களையும் மின்பலகைகளையும் மூழ்கடித்தது. முதல் உலையில் பேட்டரிகளும் போயின. கட்டுப்பாட்டு மின்சாரம் மறையும்போது, குழாய் எங்கோ உடைந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு வால்வுகளை மூடிவிடும் பாதுகாப்புத் தர்க்கம் அந்த அமைப்புக்குள் எழுதப்பட்டிருந்தது. ஒரு வகை விபத்துக்காகச் செய்த காப்பு இன்னொரு வகை விபத்தில் கதவைச் சாத்திவிட்டது.

அதைவிடக் கொடியது, வால்வு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதே எவருக்கும் தெரியாமல் போனது. அமைப்பு வேலை செய்கிறதா என்று அறிய, கட்டடத்தின் வெளிப்புறத் துளைகளிலிருந்து நீராவி வருகிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. அது முழுவீச்சில் இயங்கினால் நீராவி எப்படிச் சீறும் என்பதை அங்கே பணியிலிருந்தவர்கள் அதுவரை கண்டதில்லை. இரவு ஒன்பது மணியளவில் மீண்டும் உயிர்பெற்ற நீர்மட்டக் கருவி, தண்டுகளுக்கு மேலே நீர் இருப்பதாகக் காட்டியது. பின்னர் நடந்த ஆய்வுகளின்படி அதற்குப் பல மணி நேரம் முன்பே தண்டுகள் வெளியே வந்துவிட்டிருந்தன. மறுநாள் பிற்பகல் ஹைட்ரஜன் வெடித்தது. இரண்டாம் உலையில் நீராவியாலேயே ஓடும் பம்பு கட்டுப்பாட்டு மின்சாரம் இல்லாமலேயே ஏறக்குறைய மூன்று நாட்கள் ஓடியது. கார்களிலிருந்து பேட்டரிகளைக் கழற்றிவந்து இணைத்துத்தான் அளவுக் கருவிகளைப் படித்தார்கள். தானே இயங்கும் அமைப்பு என்றால் யாரும் பார்க்க வேண்டாம் என்ற எண்ணத்தை அந்த நான்கு நாட்கள் தகர்த்தன.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். கூடங்குளத்தின் முதல் இரண்டு உலைகளில், டாய்ச்சியின் முதல் உலையில் இருந்ததைவிடச் சிறந்த ஓர் ஏற்பாடு இருக்கிறது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. உலையின் நான்கு நீராவி ஆக்கிகளுக்கும் தனித்தனியே நான்கு வழிகள் அமைத்து, அவற்றின் நீராவியைக் கட்டடத்தின் வெளிப்புறத்தில் உயரத்தில் வைத்த வெப்ப மாற்றிகளுக்குக் கொண்டுபோகிறார்கள். வெளிக்காற்று கீழிருந்து நுழைந்து, சூடேறி, புகைபோக்கி போன்ற உயர்ந்த வழியில் தானே மேலேறிப் போகிறது. நீராவி குளிர்ந்து நீராகி நீராவி ஆக்கிக்கே திரும்பிவிடுகிறது. தொட்டி நீரைக் கொதிக்கவிட்டு இழக்கும் முறையில்லாததால், நீரை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டிய தேவையும் இல்லை. காற்றுவழியின் கதவுகளை மின்காந்தங்கள் மூடிப் பிடித்திருக்கின்றன. மின்சாரம் போனதே அவை திறப்பதற்கான கட்டளை. ஃபுகுஷிமாவில் மின்னிழப்பு கதவைச் சாத்தியது, இங்கே அதே மின்னிழப்பு கதவைத் திறக்கும். உலையின் முழு வெப்பத்தில் ஏறக்குறைய 2 விழுக்காட்டை இந்த அமைப்பால் வெளியேற்ற முடியும் என்பது வடிவமைப்புக் கணக்கு. அது மேலே சொன்ன முதல் மணிக்குப் பிந்தைய எச்ச வெப்பத்தைவிடக் கூடுதல். அதோடு வெள்ள அளவாகக் கணக்கிட்ட 5.44 மீட்டருக்கு மேலே, 9.3 மீட்டர் மட்டத்தில் ஜெனரேட்டர் கட்டடம் அமைந்திருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கல்பாக்கம் நிலையத்தின் கடல்நீர்ப் பம்பு அறைக்குள் நீர் புகுந்தும் உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டதற்கு மின்சாரம் கைவிடாமல் இருந்ததும் ஒரு காரணம் என்பதை நினைத்தால், மட்டத்தின் அருமை விளங்கும்.

இத்தனையும் ஒப்புக்கொண்ட பிறகுதான் என் கேள்விகள் தொடங்குகின்றன. காற்றை நம்பும் அமைப்புக்குக் காற்றின் வெப்பநிலை முக்கியம். சித்திரை, வைகாசி வெயிலில் அதன் திறன் எவ்வளவு குறையும்? முப்பந்தலில் காற்றாலைகளை ஓட்டும் அதே ஆடிக் காற்று, கட்டடத்தின் ஒரு பக்கத்தை மோதும்போது காற்றுவழிகளின் இழுவையைக் கூட்டுமா, குலைக்குமா? கடலோர உப்பு வெப்ப மாற்றிகளின் தகடுகளில் படிவதை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிறார்கள்? இவற்றுக்கு வடிவமைப்பாளர்களிடம் விடை இருக்கும் என்றே நம்புகிறேன். கதவுகள் திறந்து மூடும் சோதனையின் முடிவுகளையும், உண்மையான வெப்பத்தோடு அமைப்பை ஓட்டிப் பார்த்த சோதனையின் முடிவுகளையும் ஆண்டுதோறும் ஒரு பக்கத்தில் வெளியிட்டால், எங்கள் பக்கத்துக் கல்லூரி மாணவர்களே அதைப் படித்து ஊருக்கு விளக்குவார்கள்.

ஆனால் இந்த அமைப்பின் திறனைவிட அதன் எல்லைகள்தான் என்னைக் கூடுதலாக யோசிக்கவைக்கின்றன. அது நீராவி ஆக்கியிலிருந்து வெப்பத்தை எடுக்கிறது. ஆகவே உலையின் வெப்பம் நீராவி ஆக்கி வரை வந்து சேர்ந்தால்தான் அதற்கு வேலை. உலைக்கும் நீராவி ஆக்கிக்கும் இடையே நீர் சுழலும் முதன்மைச் சுற்றில் கசிவு ஏற்பட்டு நீர் குறைந்தால், நைட்ரஜன் அழுத்தத்தில் வைத்த தொட்டிகளும், அவற்றை அடுத்து இரண்டாம் கட்டமாக இறங்கும் தொட்டிகளும் போரான் கலந்த நீரைத் தாமே உள்ளே விடும். அந்த நீர் எத்தனை மணி நேரத்துக்கு வரும் என்ற எண் எல்லோரும் அறியவேண்டிய எண். எரிபொருள் மாற்றுவதற்காக உலையின் மூடியைக் கழற்றிய நாட்களில் மின்சாரம் போனால், அழுத்தமும் இல்லை, நீராவி ஆக்கி வழியான சுழற்சியும் இல்லை. வெளிச்சுவரின் காற்று வழிகள் திறந்து நின்றும் பயனில்லை. உலை நின்றிருக்கும் நாட்கள்தானே என்று இதை எளிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 1990 மார்ச் 20 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் வோக்டில் நிலையத்தின் முதல் உலை எரிபொருள் மாற்றத்துக்காக நிறுத்தப்பட்டிருந்தபோது, பின்னோக்கி வந்த ஒரு லாரி மின்முற்றத்துத் தூண் ஒன்றில் மோதியது. இரண்டு ஜெனரேட்டர்களில் ஒன்று பராமரிப்பில் இருந்தது, மற்றொன்று ஓடத் தொடங்கி நின்றுவிட்டது. மின்சாரம் திரும்புவதற்கு ஆன 36 நிமிடங்களுக்குள் உலை நீரின் வெப்பநிலை 32 டிகிரியிலிருந்து 58 டிகிரிக்கு ஏறிவிட்டது. கூடங்குளத்தில் இதற்கு நிகரான நாட்களில் கொதிநிலையை எட்ட எத்தனை நிமிடம் ஆகும் என்ற கணக்கு, உலை ஓடும் நாட்களுக்கான கணக்கின் அருகிலேயே அச்சாக வேண்டும்.

பயன்படுத்திய எரிபொருள் வைத்திருக்கும் குளத்துக்கும் இதே நிலைதான். அது கூடங்குளத்தில் காப்புக் கட்டடத்துக்கு உள்ளேயே இருக்கிறது. காற்றுக் குளிர்விப்பு அதைத் தொடுவதில்லை. அங்கே வெப்பம் குறைவு, அவகாசம் நாட்கணக்கில் இருக்கும். இருந்தாலும் முடிவில் யாராவது நீர் ஊற்றத்தான் வேண்டும்.

அந்த நீர் எங்கிருந்து வரும்? கூடங்குளம் தன் நன்னீரைக் கடல்நீரிலிருந்து தானே காய்ச்சி எடுத்துக்கொள்ளும் நிலையம். மின்சாரம் போனால் அந்த ஆலையும் நிற்கும். ஆகவே அன்று தொட்டிகளில் இருப்பதுதான் கையிருப்பு. காற்றுக் குளிர்விப்பு எக்காரணத்தாலோ கிடைக்காமல், நீரைக் கொதிக்கவிட்டே ஓர் உலையை ஆற்ற வேண்டியிருந்தால், ஒரு வாரத்துக்கு ஏறக்குறைய 2,500 டன் நீர் தேவை என்பது என் தோராயக் கணக்கு. பள்ளிக்கூட இயற்பியலே போதும் அதற்கு. எங்கள் ஊர்களுக்குக் கோடையில் வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரி என்று எடுத்துக்கொண்டால் இருநூறு நடைக்கு மேல். இது ஓர் உலைக்கு. பேரிடர் வந்தால் இரண்டு உலைகளுக்கும் சேர்ந்தே வரும்.

லாரி என்று எழுதும்போது 2023 டிசம்பர் 17, 18 தேதிகள் நினைவுக்கு வருகின்றன. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. தாமிரபரணிக் கரையெங்கும் சாலைகள் அறுந்தன. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு சிக்கிய பயணிகளுக்கு ஹெலிகாப்டரிலிருந்து உணவு போட வேண்டியிருந்தது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் கன்னியாகுமரி மாவட்டத்தின் மின்கம்பங்களைச் சாய்த்துப் போட்டதையும் நாங்கள் மறக்கவில்லை. இரண்டு நிகழ்வுகளிலும் நிலையத்துக்கு எந்தத் தீங்கும் நேர்ந்ததாக நான் சொல்லவில்லை. மின்கம்பி அறுவதும் சாலை அறுவதும் எங்கள் பக்கத்தில் ஒரே மழையின் இரண்டு முகங்கள் என்பதே நான் சொல்வது. வெளியிலிருந்து டீசலும் நடமாடும் பம்பும் வந்து சேரும் என்று எந்தத் திட்டத்திலாவது எழுதியிருந்தால், எந்தச் சாலை வழியே, எத்தனை மணி நேரத்தில் என்று அடுத்த வரியிலேயே எழுதியிருக்க வேண்டும்.

நீண்ட இழப்பைப் பற்றியும் ஒரு சொல். கூடங்குளத்தின் அதே விவிஇஆர் என்ற ரஷ்ய வடிவமைப்புக் குடும்பத்தைச் சேர்ந்த ஆறு உலைகள் உக்ரைனின் சப்போரிஷியாவில் உள்ளன. போரினால் அந்த நிலையம் 2022 முதல் பலமுறை வெளி மின்சாரத்தை முற்றிலும் இழந்தது. 2025 செப்டம்பர் 23 அன்று தொடங்கிய இழப்பு ஏறக்குறைய ஒரு மாதம் நீடித்தது. டீசல் ஜெனரேட்டர்கள்தான் தாங்கின. உலைகள் நெடுநாள் முன்பே நிறுத்தப்பட்டு வெகுவாக ஆறியிருந்ததும் பெரிய துணை. நாட்கணக்கில் மட்டும் யோசித்துவந்த துறைக்கு வாரக்கணக்கிலும் டீசல் தேவைப்படலாம் என்பதை அந்த மாதம் காட்டியது. கூடங்குளத்தில் எத்தனை நாள் டீசல் இருப்பு வைக்கப்படுகிறது, அந்த அளவு எந்த அடிப்படையில் முடிவுசெய்யப்பட்டது என்பதையும் ஆவணத்தில் எதிர்பார்க்கிறேன்.

ஃபுகுஷிமாவுக்குப் பிறகு வாரியமே கூடங்குளத்தை மறுபரிசீலனை செய்து 17 பரிந்துரைகளைத் தந்தது. 2013 மே 6ஆம் நாள் தீர்ப்பில் உச்ச நீதிமன்றமும் 15 வழிகாட்டுதல்களை அளித்தது. குறைந்தது ஒரு வாரத்துக்கு எச்ச வெப்பத்தை வெளியேற்றப் போதுமான, நிலநடுக்கத்தைத் தாங்கும் நீர் இருப்பு, தம் சொந்த எஞ்சினில் ஓடும் நடமாடும் பம்புகள், உயரமான இடத்தில் காற்றாலேயே குளிரும் கூடுதல் ஜெனரேட்டர், கையில் தூக்கிச் செல்லும் மின்பொதிகளைக் கொண்டு முக்கிய அளவுகளைப் படிக்கும் வசதி ஆகியவை அந்தப் பரிந்துரைகளில் அடங்கும். நரோராவின் தீயணைப்புப் பம்பையும் ஃபுகுஷிமாவின் கார் பேட்டரியையும் நினைவில் வைத்து எழுதியவை போலவே அவை எனக்குப் படுகின்றன, நல்ல பரிந்துரைகள். நான் கேட்பது அவற்றுக்கு மேல் புதிதாக ஒன்றன்று. ஒவ்வொரு பரிந்துரையின் எதிரிலும், நிறைவேறியது என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பதிலாக, நிறைவேறியது எப்படிச் சோதிக்கப்பட்டது, கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது, பம்பை இழுத்துவந்து குழாயில் பூட்டி நீர் பாய எத்தனை நிமிடம் ஆனது, அந்தச் சோதனை பகலில் நடந்ததா இரவில் நடந்ததா என்று எழுதுங்கள். நரோராவில் வேலை நடந்தது இருட்டில், புகையில். வெயில் காயும் முற்பகலில், முன்கூட்டியே நாள் குறித்து நடத்தும் ஒத்திகையில் கிடைக்கும் நிமிடக்கணக்கை அந்த இரவோடு ஒப்பிட முடியாது.

நிலையத்தின் பாதுகாப்பு கருதிச் சிலவற்றை வெளியிட இயலாது என்று வாரியம் கருதலாம். அதில் நியாயமும் உண்டு. தொட்டி எங்கே இருக்கிறது, குழாய் எந்தச் சுவரின் வழியே போகிறது, எந்தக் கதவுக்கு எந்தச் சாவி என்பவை எங்களுக்கு வேண்டாம். எத்தனை டன், எத்தனை மணி, எத்தனை பேர் என்பவை போதும். பேட்டரிகள் அளவுக் கருவிகளை எத்தனை மணி நேரம் உயிரோடு வைத்திருக்கும், அதற்குப் பிறகு கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்கள் எதைக் கொண்டு உலையின் நிலையை அறிவார்கள் என்ற இரண்டு வரிகளை எழுதுவதால் எந்த இரகசியமும் கெடாது. எழுதாமல் விட்டால் அந்த இடத்தை வதந்தி நிரப்பும். 2012இல் எங்கள் கடற்கரையில் அது எப்படி நிரப்பியது என்பது வாரியம் அறிந்ததே.

ஆவணம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டுப் பின்னர் சுருக்கித் தமிழாக்கப்படுவதை நான் விரும்பவில்லை. இடிந்தகரையிலும் கூத்தங்குழியிலும் பெருமணலிலும் எஞ்சின் படகுகளைப் பிரித்துப் பூட்டும் கைகள் இருக்கின்றன; டீசல், பம்பு, வால்வு, காற்றுப் பூட்டு என்றால் என்னவென்று அவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவர்களை எண்ணி எழுதுங்கள். ஊராட்சி மன்றங்களுக்கும் பள்ளிகளுக்கும் மீனவர் சங்கங்களுக்கும் அச்சுப்படிகளை அனுப்புங்கள்; கேள்விகள் வந்தால் நிலையத்தின் பொறியாளர்களும் வாரியத்தின் அலுவலர்களும் சேர்ந்து ஒருநாள் உட்கார்ந்து விடை சொல்லுங்கள்.

முதல் இரண்டு உலைகளுக்கான ஆவணம் முதலில் வரட்டும். கட்டுமானத்தில் இருக்கும் 3, 4 உலைகளுக்கும், அவற்றை அடுத்து வரும் 5, 6 உலைகளுக்கும், எரிபொருள் ஏற்றுவதற்கான அனுமதியை வாரியம் வழங்கும் அதே நாளில் அந்தந்த உலையின் மின்னிழப்பு மணிக்கணக்கும் தமிழில் வெளியாக வேண்டும் என்று, அனுமதிக்கான நிபந்தனைகளோடு ஒன்றாக இதையும் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ராதாபுரம் வட்டத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர்